குவில்ட் தைத்துக் குடும்பம் நடத்துவது எப்படி?

சென்னையில் இருந்துகொண்டு குவில்ட் தைக்க ஆசைப்படுபவர்களுக்கு முதல் அறிவுரை: யாருக்கும் காரணம் சொல்லாதீர்கள். மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் இருபது டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது செய்தியாகிவிடும் ஊர் இது. இங்கே மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு என்று மூன்றடுக்குப் போர்வையை யாரும் கேட்கவில்லை. என் மாமியார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நல்ல துணியை ஏம்மா துண்டு துண்டா வெட்டி, திரும்ப ஒட்டுறே?" ஆறு வருடமாகப் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ரொம்ப வற்புறுத்தினால், இது நம் ஊர் வழக்கம்தான் என்று அடித்துச் சொல்லுங்கள். தேரில் தொங்குகிற தொம்பை என்னவாம்? கலர் துணியை வெட்டி ஒட்டித் தைத்த வேலைதானே. பிறந்த குழந்தைக்குப் பழைய நூல்சேலையை நாலாக மடித்து ஓட்டுத் தையல் போட்டுக் கொடுத்த பாட்டி எல்லா வீட்டிலும் உண்டு. அந்தப் பாட்டி கிழிந்த சேலையைத்தான் தைத்தார், கடையில் புதிதாக வாங்கிவந்து கிழிக்கவில்லை என்று மாமியார் மடக்குவார். அந்த நேரம் குக்கர் விசில் அடித்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

துணி சேர்ப்பது எப்படி? தெருமுனை டெய்லரிடம் கேட்டால் ஒரு கட்டைப்பை நிறைய பிட் துணி சும்மாவே தருவார். வீட்டுக்கு வந்து கொட்டிப் பார்த்தால் பாதி லைனிங், கால்வாசி சிந்தெடிக். இஸ்திரிப் பெட்டியை வைத்தால் அப்பளம்போலச் சுருண்டுகொள்ளும். பருத்தி மட்டும் பொறுக்கியெடுங்கள். அது போதாமல் கடைக்குப் போவீர்கள். போனால் திரும்பி வரும்போது பையில் என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியாது. என் அனுபவத்தில், துணியை ஒளித்துவைக்கத் தோதான இடம் கொலு பொம்மைப் பெட்டி. வருடத்தில் பத்து நாள்தான் ஆபத்து.

குவில்ட்காரர்கள் துணியை 'ஃபேட் குவார்ட்டர்' என்ற அளவில் வாங்குவார்கள். கெஜத்தில் கால் பங்குதான். ஆனால் ஒன்பது அங்குலப் பட்டையாகக் கிழிக்காமல், அரை கெஜத்தை நடுவில் வெட்டி, 18-க்கு 22 அங்குலமாகத் தருவார்கள். பரப்பு ஒன்றேதான், பெரிய கட்டங்கள் வெட்டலாம் என்பது லாபம். தமிழ்நாட்டில் இந்தச் சொல்லை இடம் பார்த்துப் பயன்படுத்தவும். ஒருநாள் போனில், "காலைலேர்ந்து நாலு குவார்ட்டர் முடிச்சுட்டேன், இன்னும் ரெண்டு கெடைச்சா ராத்திரி நிம்மதியாத் தூங்குவேன்" என்று சிநேகிதியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்றிருக்கிறார். அன்று முதல் என் கணவரைப் பார்க்கும்போதெல்லாம் ஆறுதலாக ஒரு சிரிப்புச் சிரிக்கிறார்.

வாங்கிய துணியைத் துவைக்காமல் தைக்காதீர்கள். இதை நான் சிரிக்காமல் சொல்கிறேன். என் முதல் குவில்டில் அரக்குச் சுங்குடியும் வெள்ளைக் காடாவும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள். நாலு மாத வேலை. முதல் துவையலில் வெள்ளையெல்லாம் ரோஸ்மில்க் ஆகிவிட்டது. கவலைப்பட ஒன்றுமில்லை, நம் ஊருக்கு இதில் சர்வதேசப் புகழே உண்டு. 1958 வாக்கில் மெட்ராஸ் கட்டம் போட்ட துணி அமெரிக்காவுக்குப் போய், ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் உடுப்பாகி, துவைத்த வீடுகளிலெல்லாம் சாயம் இறங்கியது. வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். விளம்பரக்காரர்கள் அசரவில்லை. சாயம் போகும், உத்தரவாதம், ஒவ்வொரு துவையலுக்கும் ஒரு புது நிறம் என்று அதையே பெருமையாக்கி விற்றுவிட்டார்கள். 'பிளீடிங் மெட்ராஸ்' என்றே அந்தத் துணிக்குப் பெயர் நிலைத்தது. நானும் அதே வாசகத்தைச் சொல்லித்தான் என் குவில்டை நாத்தனாருக்குக் கொடுத்தேன்.

இனி தையல். குவில்ட் உலகில் மீற முடியாத சட்டம் ஒன்று உண்டு: தையல் ஓரம் கால் அங்குலம். பிளவுஸ் தைக்கிறவர்கள் உள்ளே ஒரு அங்குலம் விட்டுவைப்பார்கள், நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம் என்று. குவில்டுக்கு உடம்பு போடாது. ஆசாரி கணக்கில் எட்டில் ஒரு அங்குலம் ஒரு நூல். நீங்கள் அரை நூல் கூடுதலாகப் பிடித்துத் தைத்தால், இரண்டு பக்கத் துணியிலும் சேர்த்து ஒரு முழு நூல் போய்விடும். பதினாறு தையலில் இரண்டு அங்குலத்தைக் காணோம். அப்புறம் மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் பொருந்தாது. இழுத்துப் பிடித்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். இழுத்தால் நடுவில் பூரிபோல உப்பும்.

முதல் முயற்சிக்கு லாக் கேபின் என்ற பழைய அமெரிக்க டிசைனைச் சொல்வார்கள். நடுவில் ஒரு சிவப்புச் சதுரம். அதுதான் வீட்டு அடுப்பாம். அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள், இரண்டு பக்கம் வெளிர், இரண்டு பக்கம் அடர்த்தி. "கோலம் போடுறவங்களுக்கு இது ஜுஜுபி" என்று சொல்லித்தான் என்னை இழுத்துவிட்டார்கள். கோலத்தில் தப்பினால் காலால் அழித்துவிடலாம். இங்கே அரை பிளேடை வைத்துக்கொண்டு ராத்திரி பதினொரு மணிக்குத் தையல் பிரிக்க வேண்டும்.

மூன்றடுக்கையும் ஒன்றாக்குவதற்குத் தரை வேண்டும். ஃபிளாட் ஹாலில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அடித்துணியை விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, மேலே பஞ்சு, அதற்கு மேலே நீங்கள் தைத்த பகுதி, அப்புறம் முழங்கால் போட்டுத் தவழ்ந்தபடி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு. ஃபேன் போடக் கூடாது. தரை முழங்காலை அறுத்ததால் நான் ஒரு கோரைப் பாயை அடியில் போட்டுக்கொண்டேன். இருநூறு ஊக்குகளையும் குத்தி முடித்து, அப்பாடா என்று தூக்கினேன். பாயும் கூடவே எழுந்து வந்தது.

தப்பு நேர்ந்தால் என்ன செய்வது? அமெரிக்காவில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பெண்கள், கடவுள் ஒருவரே பிழையற்றவர் என்பதால் வேண்டுமென்றே ஒரு கட்டத்தைத் தப்பாகத் தைப்பார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. வரலாற்று ஆய்வாளர்கள் அதை நம்புவதில்லை. வேண்டுமென்று செய்யத் தேவையில்லாமலே தப்பு வரும் என்பது தைத்த எவருக்கும் தெரியும். நமக்கு அந்தக் கதையும் வேண்டாம், திருஷ்டிப் பொட்டு என்று சொன்னால் முடிந்தது. என் குவில்டுகளில் சராசரியாகப் பதினெட்டுத் திருஷ்டிப் பொட்டுகள் உண்டு. ஆனால் கோணலையெல்லாம் தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்துத் தேய்ந்த ஜீன்ஸையும் சட்டையையும் வெட்டிக் குளிருக்குத் தைத்த குவில்டுகளில் ஒரு கோடு நேராக இருக்காது. 2002-இல் அவை ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் நியூயார்க் விட்னியிலும் சுவரேறின. 2006-இல் அமெரிக்கத் தபால்தலையாக வந்தன. அந்தக் கோணல் கண்ணறிந்து போட்டது. என்னுடையது கண்ணாடி மாற்ற வேண்டியதால் வந்தது.

தனியாகத் தைத்தால் பைத்தியம் பிடிக்கும், கூட்டம் சேருங்கள். தமிழ்நாட்டில் ஆளா இல்லை? 2019 ஜனவரியில் சென்னையிலேயே இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல் நடந்தது. எங்கள் கூட்டம் மாதம் ஒரு சனிக்கிழமை, ஆளுக்கொரு வீட்டில். தைப்பது முக்கால் மணி நேரம், போண்டா ஒன்றரை மணி நேரம். ஒருவர் விரித்துக் காட்டினால் மற்றவர்கள் பேச வேண்டிய மொழி தனி. "கலர் காம்பினேஷன் சூப்பர்" என்றால் தையல் கோணல். "ரொம்பப் பொறுமைப்பா உங்களுக்கு" என்றால் கலரும் சரியில்லை. ஒன்றும் பேசாமல் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவருக்கு இன்னொரு போண்டா வையுங்கள்.

ஒருமுறை ஆளுக்கொரு கட்டம் தைத்துக் கொண்டுவருவது என்று பேசினோம். பன்னிரண்டரை அங்குலம், தைத்து முடிந்தால் பன்னிரண்டு. பன்னிரண்டு பேர் பன்னிரண்டு அளவில் கொண்டுவந்தார்கள். "என் ஸ்கேல் சரியாத்தான் இருக்கு" என்றார்கள் பன்னிரண்டு பேரும்.

முடிக்காமல் கிடப்பவற்றுக்கு யு.எஃப்.ஓ. என்று பெயர். பறக்கும் தட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது பறக்காது, பரணில் கிடக்கும். என் பரணில் ஏழு. ஒன்றை முடிக்க நானறிந்த ஒரே வழி, குடும்பத்தில் யாராவது உண்டாகியிருக்க வேண்டும். 36-க்கு 36 அங்குலம், வளைகாப்புக்குள் கொடுத்துவிடலாம் என்று வாக்குக் கொடுங்கள். சித்தி மகளுக்கு அப்படித்தான் கொடுத்தேன். பையன் இப்போது எல்.கே.ஜி. போகிறான். ஓரப்பட்டி மட்டும்தான் பாக்கி.

அதற்கு அரை மீட்டர் மாம்பழ மஞ்சள் பாப்ளின் குறைகிறது. வைத்திருப்பவர்கள் தெரிவிக்கவும். ஏற்கெனவே துவைத்ததாக இருந்தால் நல்லது.