வினை விதைத்தவர்கள்

காலம் காட்டும்போது ஒரே முறையில் திரிகின்ற வினைச்சொற்களை ஒரு கூட்டமாகச் சேர்த்து எண்ணுவதையே இலக்கண நூலார் வினைத்திரிபு வகுப்பு என்பர். 'விடு' என்பது 'விட்டான்' ஆக, அதே வார்ப்பில் அமைந்த 'எடு' மட்டும் 'எட்டான்' ஆகாமல் 'எடுத்தான்' ஆவது ஏன் என்று கேட்டால், இரண்டும் வெவ்வேறு வகுப்பைச் சேர்ந்தவை என்று இலக்கணம் விடை கூறும். ஏன் வெவ்வேறு வகுப்பைச் சேர்ந்தன என்று மேலும் கேட்டால், வெவ்வேறாகத் திரிவதால் என்று அதே இலக்கணம் முகம் மாறாமல் கூறும். உண்மையில் இவ்வகுப்புகளை எவரும் உட்கார்ந்து வகுத்ததில்லை. ஒலிகள் தேய்ந்தும் மயங்கியும் பல நூற்றாண்டுகளில் நேர்ந்த சிதைவுக்குப் பின்வந்தோர் இட்ட மரியாதையான பெயரே வகுப்பு.

எனவே செயற்கைமொழி, அதாவது தனியொருவர் தம் மேசையில் அமர்ந்து ஆக்கும் மொழி, செய்யப் புகுந்தவருக்கு ஒரு தருமசங்கடம் நேர்கிறது: வகுப்புகளை வைத்தால் வேண்டுமென்றே குழப்பம் செய்த பழி வரும், வைக்காவிட்டால் மொழி பெருக்கல் வாய்பாடு போல ஒலிக்கும்.

மொழி ஆக்கும் இப்பழக்கத்திற்கு 1931இல் ஆற்றிய உரையொன்றில் 'மறைவான தீயொழுக்கம்' என்று பெயரிட்டு, அதைக் கைவிடாமலும் இருந்தவர் ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் டோல்கீன். எல்ஃப் என்னும் கற்பனை இனத்தாருக்காக அவர் ஆக்கிய குவென்யா மொழியின் வினைகள் பெரும்பாலும் இரு வகுப்பில் அடங்கும். வேரோடு ஈறு சேர்ந்து உருவானவை ஒரு வகுப்பு. 'விழு' எனப் பொருள்படும் 'லன்டா' இறந்தகாலத்தில் 'லன்டனெ' என அடக்கமாக ஈறு பெறும். வேரையே அடியாகக் கொண்டவை மற்றொன்று. 'சொல்' எனப் பொருள்படும் 'க்வெட்', மூக்கொலி ஒன்று நடுவே புகுந்து 'க்வென்டெ' ஆகிவிடும். இவ்வேறுபாட்டை அவர் நேராக எழுதிவைக்கவில்லை. முதலில் ஒரு மூதாதை மொழியைப் படைத்து, அதன் ஒலிகளைத் தாமே தேய்த்து, தேய்ந்தபின் எஞ்சியதை வினையின் வடிவமாக ஏற்றுக்கொண்டார். நேற்று வாங்கிய பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்க்காமல் கறுக்கவிட்டுப் பாட்டி காலத்து விளக்கு என்று காட்டும் கைத்திறனுக்கு இது உறவுடையதுதான் என்றாலும், விளக்கோடு பாட்டியையும் சேர்த்தே படைத்த நேர்மை இங்கே உண்டு. 1973இல் மறையும்வரை அவர் இவ்விலக்கணத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார்; தாய்மொழியாகப் பேசுவோர் எவரும் இல்லாத மொழியாதலால், நேற்றுவரை சரியாக இருந்த வினை இன்று தவறானது குறித்து யாரும் சண்டைக்கு வரவில்லை.

அவருக்கு முன்னரே, ஷ்லையர் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் 1880இல் நூலாக வெளியிட்ட வோலாப்யூக் மொழியில் வகுப்புகளை ஒழித்து, ஒவ்வொரு காலத்திற்கும் ஓர் உயிரொலியை முன்னொட்டாக வைத்தார். அதற்கும் முன்னால் செயப்பாட்டைக் குறிக்க ஒரு மெய், பின்னால் இடம் காட்டும் விகுதி, அதன்பின் பன்மை விகுதி என்று அடுக்கியதில், கல்யாண வீட்டுக்கு வந்த உறவுக்கூட்டத்தில் மாப்பிள்ளை காணாமற்போனதுபோல வினைப்பகுதி காணாமற்போயிற்று.

வார்சாவின் கண் மருத்துவர் சமன்ஹோஃப் 1887இல் வெளியிட்ட எஸ்பெராண்டோவில் நிலைமை தெளிவானது. எல்லா வினைக்கும் ஒரே வகுப்பு, விதிவிலக்கு ஒன்றுமில்லை. 'பரோலாஸ்' என்றால் பேசுகிறது, 'பரோலிஸ்' என்றால் பேசியது, 'பரோலோஸ்' என்றால் பேசும். பேசுபவர் ஒருவரா பலரா என்பதைப் பற்றி வினைக்குக் கவலையில்லை. மொழி முழுவதற்கும் 16 விதிகளே. ஆனால் இம்மொழியை மனிதர்கள் உண்மையாகவே பேசத் தொடங்கினர். வினைகளை வகுப்புப் பிரிக்க வழியில்லாததால் அவர்கள் தாமே வகுப்புகளாகப் பிரிந்தனர். 'ஆட்டா', 'ஈட்டா' என்னும் இரு செயப்பாட்டு எச்ச விகுதிகளில் முன்னது செயல் நிகழ்ந்துகொண்டிருப்பதையும் பின்னது முடிந்ததையும் காட்டுவன; அப்படியானால் ஒரு வீடு இன்ன ஆண்டில் கட்டப்பட்டது என்று எழுத எதைப் பயன்படுத்துவது என்ற வினாவில் ஆட்டாக் கட்சி, ஈட்டாக் கட்சி என இரண்டு தோன்றின. பின்னதன் பெயர் தமிழ்க்காதுக்கு ஈட்டியை நினைவூட்டுவது தற்செயல்தான் எனினும் பொருத்தமில்லாததன்று. எஸ்பெராண்டோ அகாதெமி 1967இல் ஈட்டாவின் பக்கம் தீர்ப்பளித்தது. அப்போது சமன்ஹோஃப் இறந்து 50 ஆண்டுகள் ஆகியிருந்தன.