வெள்ளலூர் இறக்குமதி

1842-ல் கோவையை ஒட்டிய வெள்ளலூரின் மண்ணுக்குள்ளிருந்து 500-க்கு மேல் ரோமானிய வெள்ளிக்காசுகள் வெளியே வந்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் தலை போட்டவை. 1891-லும் 1931-லும் இன்னும் கிடைத்தன. இப்போது அதே ஊரில் தோண்டிப் பாருங்கள்: பிரியாணிப் பொட்டலமும் குழந்தை டயாபரும் வரும்.

வியாபாரம் நின்றுவிட்டது என்று யார் சொன்னது? சரக்குதான் மாறியிருக்கிறது. அன்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நொய்யல் கரைக்குப் பெருவழி ஓடியது. கொடுமணலில் பட்டை தீட்டிய மணி, படியூர்ப் பச்சைக்கல், மலைமிளகு என்று போன சரக்குக்கு ரோமாபுரிக்காரர்கள் கொட்டியது கொஞ்சமா? இந்தியா வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸை உறிஞ்சுகிறதே என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பி எழுதிவைத்தார். இன்று கோவை மாநகரின் 100 வார்டுக் குப்பையும் லாரி லாரியாக இங்கே உள்ள கிடங்கில் வந்து இறங்குகிறது. ஏற்றுமதியும் உண்டுங்க: நாற்றம், ஈ, நிலத்தடியில் இறங்கும் கறுப்புத் தண்ணீர். 2024 ஏப்ரலில் கிடங்கு நாள்கணக்கில் எரிந்து புகையும் சேர்ந்துகொண்டது.

பழைய வணிகத்தை வேறு ஊர்க்காரர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள்? பால்டிக் கரையில் தாலின் என்றொரு பழைய வணிக நகரம். 1997-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. வணிகர் சபை கட்டிய கூடத்தை இன்றும் துடைத்துவைத்துக் காட்டுகிறார்கள். பாவம், வரலாற்றைப் புதைக்க அவர்களுக்கு வெள்ளலூர் போல 650 ஏக்கர் கிடங்கு வாய்க்கவில்லை.

கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். காப்பி வந்தது, தட்டு போட்டு மூடி. "மூடி மூடிக் குடிங்க, ஈ உழுந்துரும்" என்றார் அந்த அம்மா. இரண்டாவது வாய்க்குள் ஒன்று விழுந்தேவிட்டது. அவர்தான் வெட்கப்பட்டார். வெட்கப்பட வேண்டியவர்கள் உக்கடம் பெரியகுளத்துக் கரையில் 'ஐ லவ் கோவை' எழுத்துகளுக்கு முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

'ங்க' போட்டுப் பேசுகிற ஊர் நம்முடையது. அதே மரியாதையோடுதான் நம் குப்பையை அடுத்தவர் வாசலில் வைக்கிறோம். வெள்ளலூருக்கு வளர்ச்சியே தரவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 168 கோடி ரூபாய் மதிப்பில் 2020-ல் பேருந்து நிலையம் ஒன்றைத் தொடங்கினார்கள். தூண்கள் எழும்பின, வேலை பாதியில் நின்றது. குப்பை லாரிக்கு அந்தத் தடையெல்லாம் கிடையாது, ஒரு நாளும் நின்றதில்லை.

வெள்ளலூர்க் காசுகள் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே ஈ மொய்ப்பதில்லை.