மிஸ், நீங்க மியூட்ல இருக்கீங்க

பி.எட். பயிற்சியில் பாதி உடம்பால் கற்கும் வித்தை. நுண்ணிலைக் கற்பித்தலில் 'பல்வகைத் தூண்டல் திறன்' என்று ஒன்று உண்டு: வகுப்புக்குள் நடப்பது, கையசைப்பது, குரலை ஏற்றி இறக்குவது, சட்டென்று நிறுத்தி மௌனம் காப்பது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, கற்பித்தல் பயிற்சி கைப்பேசிக்குள் குடிபுகுந்தபோது முதலில் அடிபட்டது இந்தத் திறன்தான். நடந்தால் ஆசிரியை திரையை விட்டே காணாமல் போனார். மௌனம் காத்தால், "மிஸ், நெட் போயிருச்சா?"

அடுத்தது சார்ட். தவளையின் வாழ்க்கைச் சுழற்சியை இரவெல்லாம் கண்விழித்து வரைந்து கேமரா முன் பிடித்தால், எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும். அவரவர் முகத்தை அவரவருக்குக் கண்ணாடிபோல் காட்டுவது செயலியின் வழக்கம். மாணவர்களுக்கு எல்லாம் நேராகவே தெரியும். இதை அறியாத பயிற்சி ஆசிரியை பதறிப்போய்ச் சார்ட்டைத் திருப்பிப் பிடிப்பார். பிள்ளைகள் அதன் வெள்ளை முதுகில் தலைப்பிரட்டையைத் தேடுவார்கள்.

வருகைப்பதிவு தனிக்கலை. பல வீடுகளில் இருப்பது ஒரே கைப்பேசி. அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்பும். ஆகவே வகுப்பு ஏழு மணிக்கு. பிள்ளையும் அப்பா வைத்த பெயரிலேயே உள்ளே வரும்.

"'டாட்டா ஏஸ் வாடகைக்கு' வந்தாச்சா?"

"உள்ளேன் மிஸ்."

விடையைத் துருவித் துருவி வரவழைப்பது கிளர்வினாத் திறன். இங்கே அந்தச் சிரமமே இல்லை. தலைப்பிரட்டை எதனால் சுவாசிக்கும் என்று கேட்டு முடிப்பதற்குள், குக்கர் விசிலுக்கு நடுவே "செவுள்னு சொல்லுடா" என்று ஒரு குரல் கேட்கும். பிறகு பையன் சொல்வான். 'மிக நன்று' என்ற வலுவூட்டலைப் பையனுக்குக் கொடுப்பதா, அம்மாவுக்கா என்று எந்த லெசன் பிளானிலும் இல்லை. கைடு டீச்சரைக் கேட்கலாம்தான். அவர் கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டு, கறுப்புக் கட்டத்துக்குள் மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பார். அல்லது தோசை வார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசிச் சிக்கல் கடிகாரம். ஜூமின் இலவசக் கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். வருகைப்பதிவுக்கும், "என் குரல் கேட்குதா?"வுக்கும் கால்மணி நேரம் போனால், ஊக்கமூட்டலும் பாட வளர்ச்சியும் மூச்சுவாங்க ஓடி, மதிப்பிடல் வரும்போது திரை அணையும். லெசன் பிளானை முந்தின இரவே எழுதி முடித்திருப்பதால் பதிவேட்டுக்குச் சேதமில்லை. மதிப்பிடலுக்கு எதிரே அழகான கையெழுத்தில் இருக்கும்: 'மாணவர்கள் ஆர்வத்துடன் விடையளித்தனர்.'