பென்ஸுக்குக் கண் முளைத்த கதை

தெருவில் கழைக்கூத்தாடி குச்சியை நிறுத்தினால் நாலணா கிடைக்கும். அதையே மியூனிக் ராணுவப் பல்கலைக்கழகத்தில் செய்தால் ஆராய்ச்சி. 1980களின் தொடக்கத்தில் அங்கே குச்சி நிறுத்தியவர் பேராசிரியர் எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ். கையால் அல்ல, கேமரா பார்க்க, கணினி சொல்ல, சின்ன வண்டி முன்னும் பின்னும் ஓடிக் குச்சியைத் தாங்கியது.

அன்றைய கணினிப் பார்வைப் பண்டிதர்கள் படத்தை மூலைமுடுக்கெல்லாம் துழாவிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார்கள். 1979இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ரோபோ வண்டி, நாற்காலிகள் கிடந்த ஓர் அறையைக் கடக்கச் சுமார் 5 மணி நேரம் எடுத்தது. நல்லவேளை, நாற்காலிகளுக்கு அவசரம் ஏதுமில்லை.

டிக்மன்ஸ் மனிதக் கண்ணைக் காப்பியடித்தார். நம் விழித்திரையின் நடுவே ஒரு துளி இடம்தான் கூர்மையாகப் பார்க்கும். கண் தாவித் தாவி அதை வேண்டிய பக்கம் திருப்பும். அவரும் தானாக ஓடும் வண்டிக்காக அகலப் பார்வைக்கு ஒன்று, தூரப் பார்வைக்கு ஒன்று எனக் கேமராக்களைச் சுழலும் மேடையில் ஏற்றினார். சாலைக்கோடு எங்கே வரும் என்று கணினி முன்பே ஊகிக்கும். அங்கே மட்டும் எட்டிப் பார்க்கும். மற்றது எக்கேடு கெட்டால் என்ன!

1987இல் அவருடைய 5 டன் பென்ஸ் வேன், போக்குவரத்துக்குத் திறக்காத ஆட்டோபான் நெடுஞ்சாலையில் தானாக மணிக்கு 96 கி.மீ. வேகத்தில் போனது. அதற்கு மேல் போக இன்ஜினுக்குத்தான் வக்கில்லை. 1995இல் பென்ஸ் கார் ஒன்று மியூனிக்கிலிருந்து டென்மார்க்கின் ஓடென்சவுக்குப் போய்த் திரும்பியது. மொத்தம் 1,700 கி.மீ.க்கு மேல், வேகம் 175ஐத் தாண்டியது. பெரும்பகுதி தூரம் ஸ்டீயரிங்குக்கு மனிதக் கை தேவைப்படவில்லை. உள்ளே இருந்தவருக்குப் பயப்படுவதே முழுநேர வேலை.

ஒரு குறை மிச்சமிருந்தது. எதுவுமே மாறாவிட்டாலும் கேமரா படங்களை எடுத்துத் தள்ளிக்கொண்டே இருந்தது. நம் நியூரான்களோ சேதியைச் சின்னச் சின்ன மின்துடிப்புகளாக அனுப்புகின்றன. நரம்புகளைப் பின்பற்றி 1991இல் அமெரிக்காவில் மிஷா மஹோவால்டும் கார்வர் மீடும் சிலிக்கான் விழித்திரையை உலகுக்குக் காட்டினார்கள். அந்த வம்சத்தில் வந்த கேமராவில், வெளிச்சம் மாறினால்தான் படப்புள்ளி வாய் திறக்கும். நம் டிவி விவாதங்களுக்கு இன்னும் எட்டாத ஒழுக்கம்! 2009இல் சூரிச்சில் யோர்க் கான்ராட் குழுவினர் அத்தகைய கேமராக்களை வைத்து என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? பென்சிலை நிறுத்தினார்கள். பிறகு கான்ராட் மியூனிக்குக்கே வந்து, அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

ஓட்டுநரில்லாக் கார் நேற்றுத்தான் கலிபோர்னியாவில் பிறந்தது என்று யாராவது அளந்தால், பிறப்புச் சான்றிதழ் மியூனிக்கில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.