நீரின் மேல் முடியும் ஓட்டம்

கே: மாரத்தான்காரர்கள் வலென்சியா, வலென்சியா என்று உருகுகிறார்களே, அங்கே அப்படி என்ன இருக்கிறது?

ப: மேடு இல்லை! ஸ்பெயினின் கிழக்குக் கரையில் கடல் மட்டத்தை ஒட்டிக் கிடக்கிற ஊர். ஓட்டம் டிசம்பர் தொடக்கத்தில், இதமான குளிரில். கெல்வின் கிப்டம் 2022-இல் தன் முதல் மாரத்தானையே அங்கேதான் ஓடினார்: 2 மணி 1 நிமிடம் 53 விநாடி. மறு ஆண்டு சிசாய் லெம்மா அதில் இன்னும் 5 விநாடி குறைத்தார்.

கே: பெண்களுக்கும் அந்த ஊர் ராசியா?

ப: ராசி இல்லை, சாலை. 2021-இல் லெடெசென்பெட் கிடே அரை மாரத்தானை அங்கே 1 மணி 2 நிமிடம் 52 விநாடியில் முடித்தது உலக சாதனை.

கே: லண்டன், டோக்கியோ இருக்க, எட்டு லட்சம் பேர் வாழும் ஊருக்கு ஏன் போகவேண்டும்?

ப: இது புதிதல்ல. நெதர்லாந்தின் ராட்டர்டாமும் தலைநகரம் இல்லை. 1988-இல் பெலெய்னே டின்சாமோ அங்கே ஓடிய 2 மணி 6 நிமிடம் 50 விநாடியைப் பத்து ஆண்டுகள் யாரும் தொடவில்லை.

கே: சமதளம் என்றால் என்னைப் போன்றவர்களுக்கும் சுலபம்தானே?

ப: முதல் பத்து கிலோமீட்டர் சுலபம். ஆபத்தே அதில்தான். மேடு வந்தால் ‘மெதுவாகப் போ’ என்று அதுவே கையைப் பிடித்து நிறுத்தும். சமதளத்தில் தடுக்க ஆளில்லை. ஏற்ற இறக்கத்தில் தசைகள் முறைவைத்து உழைக்கும். இங்கே முதல் அடிக்கு உழைத்த தசைதான் கடைசி அடிக்கும். முப்பதாவது கிலோமீட்டரைத் தாண்டியதும் அது கடனை வட்டியோடு கேட்கும். நான்கு மணி நேரம் உங்கள் இலக்கென்றால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி. கால் கெஞ்சினாலும் தொடக்கத்தில் அதைவிட வேகம் வேண்டாம்.

கே: அப்படியானால் முழுக்க இறக்கமாகவே பாதை போட்டுவிடலாமே?

ப: ஓடலாம், சாதனை ஏட்டில் ஏறாது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை மொத்த இறக்கம் 42 மீட்டரைத் தாண்டக்கூடாது. 2011-இல் ஜெஃப்ரி முட்டாய் பாஸ்டனில் 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் ஓடினார். அதுவரை எவரும் அத்தனை வேகத்தில் ஓடியதில்லை. இறக்கம் அதிகம், தொடங்கிய இடமும் முடிந்த இடமும் வெகுதூரம். அதனால் உலக சாதனையாக ஏற்கவில்லை. எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

கே: வலென்சியா போனால் தவறவிடக் கூடாதது?

ப: துரியா ஆறு. 1957 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றை ஊருக்கு வெளியே திருப்பிவிட்டு, பழைய படுகையைப் பூங்காவாக்கினார்கள். ஊரே அதில் ஓடுகிறது. முதல் நாள் மாலை நீங்களும் மூன்று கிலோமீட்டர் மெதுவாக ஓடிப் பாருங்கள். மறுநாள் பந்தயம் முடிவதும் அதே படுகையில்தான். ‘கலை அறிவியல் நகரம்’ என்ற கட்டட வளாகத்தின் குளத்தின் மேல் நீல மேடை போட்டிருப்பார்கள். இருபுறமும் தண்ணீர், நடுவில் நீங்கள்.