ஏழரை யாருக்கு?

ஆடிச் சனிக்கிழமை. சின்னமனூரிலிருந்து குச்சனூர் சனி பகவான் கோயிலுக்கு வரும் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. சுரபி ஆற்றில் தலைமுழுகுகிறார்கள். எள் விளக்குப் போடுகிறார்கள். காகத்துக்குச் சோறு வைக்கிறார்கள். கூட்டத்தில் பலர் தங்களைப் பிடித்த சனிக்காக வந்தவர்கள் இல்லை. பெற்ற பிள்ளையைப் பிடித்த சனிக்காக வந்தவர்கள். கையில் மஞ்சள் பை. பைக்குள் ஜாதகம்.

“புள்ள போக்கு சரியில்ல சாமி. மாப்பிள்ளைன்னு பேச்செடுத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிருது.”

“ஏழரை நடக்குதுல்ல. போகப் போகச் சரியாயிரும்.”

பிள்ளையை யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. பரீட்சை பிள்ளைக்கு. விடை சொல்வது அப்பா. திருத்துவது ஜோசியர். தோற்றால் அடி மட்டும் பிள்ளைக்கு.

படித்தவர்கள் அவசரப்பட்டுச் சிரிக்க வேண்டாம். உங்கள் பரீட்சை இதைவிட லட்சணம். 1940-களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு மனநலச் சோதனை தயாரானது. அதில் ‘ஆண்மை-பெண்மை’ என்று தனியாக ஓர் அளவுகோல். வழிதவறிய ஆண் எப்படியிருப்பான் என்று கண்டுபிடிக்க அவர்கள் மாதிரியாக எடுத்துக்கொண்ட தன்பாலீர்ப்பு ஆண்கள் எத்தனை பேர் தெரியுமா? 13. குச்சனூருக்கு வரும் வேனில் அவர்களை ஏற்றினால் டிரைவர் இன்னும் நாலு பேருக்காகக் காத்திருப்பார். அந்தப் பதின்மூன்று பேரை வைத்துக்கொண்டு ஊர் உலகத்து ஆம்பிளைகளையெல்லாம் அளந்தார்கள். அளந்தவர்களுக்குப் பெயர் விஞ்ஞானி. நம்மூர்க்காரருக்குப் பெயர் மூடநம்பிக்கை.

காணாமல் போன மாட்டை நம் பக்கம் மை போட்டுப் பார்ப்பார்கள். அவர்கள் மனசையே மை போட்டுப் பார்த்தார்கள். ரோர்ஷாக் சோதனை என்று பெயர். காகிதத்தில் மைக்கறையைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்க வேண்டியது. வௌவால் என்றால் ஒரு நோய், வண்ணத்துப்பூச்சி என்றால் இன்னொன்று என்கிற மாதிரி. ஈவ்லின் ஹூக்கர் என்ற உளவியலாளர் ஒரு காரியம் செய்தார். தன்பாலீர்ப்பு ஆண்கள் 30 பேர், மற்ற ஆண்கள் 30 பேர். எல்லோருக்கும் மைக்கறை உட்பட ஒரே சோதனைகள். பேர், விவரம் எல்லாவற்றையும் மறைத்து விடைத்தாள்களைப் பெரிய நிபுணர்களிடம் நீட்டினார். இதில் யார் யார், சொல்லுங்கள் பார்ப்போம்.

சொல்ல முடியவில்லை. அத்தனை பட்டமும் சேர்ந்து முழித்தது.

அந்த ஆய்வு வெளியானது 1957-ல். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப்பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை எடுத்தது 1973-ல். உலக சுகாதார நிறுவனம் எடுத்தது 1990-ல். முப்பத்து மூன்று வருஷம். நாலு ஏழரையைக் கூட்டினால்கூட முப்பதுதான் வருகிறது. சனி பகவான் எவ்வளவோ தேவலை.

இனி குடும்பத்துக்கு வருவோம். 1970-களில் பிரிட்டனில் ஒரு வழக்கம். புருஷனை விட்டுப் பிரிந்த தாய் இன்னொரு பெண்ணோடு வாழ்கிறாள் என்று தெரிந்தால் போதும், கோர்ட்டார் பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்கள். பையன் பொம்பிளையாக மாறிவிடுவான், பெண் ஆம்பிளையாகிவிடுவாள் என்று பயம். ஆதாரம்? ஒன்றும் கிடையாது. சூசன் கோலம்பாக் என்ற இளம் உளவியலாளர் 1976-ல் ஒரு பெண்கள் பத்திரிகையில் இதைப் படித்தார். கோபப்பட்டுக் கடிதம் எழுதவில்லை. கணக்கெடுக்கக் கிளம்பினார். அப்படிப்பட்ட தாய்மார் வீடுகள் 27. புருஷன் இல்லாமல் தனியாக வளர்க்கும் மற்றத் தாய்மார் வீடுகள் 27. பிள்ளைகளின் விளையாட்டு, பேச்சு, நட்பு, மனநிலை எல்லாவற்றையும் பார்த்து 1983-ல் முடிவை அச்சில் போட்டார். பையன்கள் பையன்களாகத்தான் இருந்தார்கள். பெண்கள் பெண்களாகத்தான் இருந்தார்கள். பிறகு ஃபியோனா டாஸ்கருடன் சேர்ந்து, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகும் தேடிப் போய்ப் பார்த்தார். அப்போதும் வானம் இடிந்து விழவில்லை. அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தொல்லை வந்ததென்றால் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது. பள்ளிக்கூடத்துக் கேலி. ஊர் வாய். அதாவது நாம்.

அவரே ஜான் ரஸ்டுடன் சேர்ந்து 24 கேள்விகளில் ஒரு பட்டியலும் தயாரித்தார். சின்னப் பிள்ளை எந்தப் பொம்மையை எடுக்கிறது, என்ன விளையாடுகிறது, எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்பது. ஒரு பையனுக்கும் இன்னொரு பையனுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்கத்தான் அது. பாஸ், ஃபெயில் போட அல்ல. நம் கையில் கொடுத்திருந்தால் எல்.கே.ஜி. அட்மிஷனுக்கு வைத்து, கோச்சிங் சென்டரும் திறந்திருப்போம்.

அந்த 1983 முடிவுக்கு நாற்பது வருஷம் கழித்து, 2023-ல், நம் நாட்டின் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தன்பாலினத் திருமண வழக்கு. ஆணையத்தின் கவலை என்ன? அப்படிப்பட்ட வீட்டில் வளரும் பிள்ளைக்குப் பாரம்பரிய ஆண், பெண் முன்மாதிரிகள் போதிய அளவு பார்க்கக் கிடைக்காதாம். ஆளுமை வளர்ச்சி பாதிக்குமாம். நாற்பது வருஷ ஆராய்ச்சி ஆணையத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறது. உள்ளே கூப்பிட ஆளில்லை.

அந்த முன்மாதிரி எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டுமா? குச்சனூருக்கு வாருங்கள். இங்கே சோணைக் கருப்பணசாமி இருக்கிறார். ஆடித் திருவிழாவில் அவருக்கு மது பாட்டில்தான் படையல். கருப்பனுக்குச் செலுத்துவதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. அவர் குடித்துவிட்டு யாரையும் அடித்ததில்லை. மற்ற பதினோரு மாதமும் யார் குடிக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. முன்மாதிரி தயாரிப்பதை அரசாங்கமே கடை போட்டு நடத்துகிறது. விழுந்து கிடக்கிற அப்பாவைத் தாண்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் ஆளுமை வளர்ச்சி பற்றி எந்த ஆணையமும் மனுப் போடக் காணோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் தத்தெடுப்பு விதிப்படி கல்யாணமாகாத பெண் தனியாகவே ஒரு பிள்ளையை, ஆணோ பெண்ணோ, தத்தெடுக்கலாம். அந்த வீட்டில் அப்பா இல்லை. ஆண் முன்மாதிரி இல்லை. சட்டத்துக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. அதே பெண்ணும் அவள் துணைவியும் சேர்ந்து தத்துக் கேட்டால் கிடையாது. ஜோடியாக வந்தால் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஓடியிருக்க வேண்டும். கல்யாணத்துக்கோ வழியில்லை. ஒரு அம்மா இருந்தால் சரி. இரண்டு அம்மா இருந்தால் ஆபத்து. பிள்ளைக்குப் பாசம் அளவுக்கு மீறிப் போய்விடும் என்று பயம் போலிருக்கிறது. 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்த விதியை அப்படியே விட்டது. திருமணமான ஆண் பெண் ஜோடிதான் நல்ல பெற்றோர் என்று காட்ட ஆதாரம் எதுவும் தரப்படவில்லை என்று அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதினார். அவர் அந்த இரண்டில் ஒருவர்.

டாக்டர்கள் கதை தனி. தன்பாலீர்ப்பைக் ‘குணமாக்குகிறேன்’ என்று கிளம்பும் வைத்தியம் தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது. அதுவும் சென்னை உயர் நீதிமன்றம் விரட்டிய பிறகு. சரி, திருந்திவிட்டார்கள் என்று நினைத்தோம். 2024 ஆகஸ்ட் 31-ல் அதே ஆணையத்தின் புதிய பாடத்திட்டம் வந்தது. அதில் பெண்ணைப் பெண் விரும்புவது மறுபடியும் ‘இயற்கைக்கு மாறான குற்றம்’. ஊர் கொதித்தது. செப்டம்பர் 5-ல் வாபஸ். ஆசிரியர் தினம். அந்த ஐந்து நாளைக்கு மட்டும் குற்றவாளியானவர்களுக்கு யார் ஜாமீன் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

இத்தனை பேரில், எனக்குத் தெரிந்து, தானாகப் போய்ப் பரீட்சைக்கு உட்கார்ந்தவர் ஒரே ஒருவர். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்கள் போலீஸ் தொல்லை தாங்காமல் உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், எனக்கே இதில் தெளிவு போதாது என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் போய் மாணவன் மாதிரி உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார். பிறகுதான், 2021 ஜூன் 7-ல், உத்தரவு போட்டார். ஒரு நீதிபதிக்கு இருந்த வெட்கம் ஒரு ஆணையத்துக்கு இல்லை. மஞ்சள் பை அப்பாவுக்கும் இல்லை.

2025 மே மாதம் இன்னொரு வழக்கு. இருபத்தைந்து வயதுப் பெண். துணைவியோடு இருந்தவளைப் போலீசாரே பெற்றோரிடம் பிடித்துக் கொடுத்தார்கள். வீட்டில் அடித்தார்கள், நான் ‘நார்மல்’ ஆக வேண்டுமென்று சடங்குகள் செய்தார்கள் என்று அவள் நீதிபதிகளிடம் சொன்னாள். கல்யாணம் மட்டுமே குடும்பத்துக்கு வழியல்ல என்று சொல்லி நீதிமன்றம் அவளை அவள் இஷ்டப்படி போகவிட்டது. காவல் துறைக்கு நல்ல டோஸ். அது என்ன சடங்கு என்று நான் விசாரிக்கவில்லை. சடங்குக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை.

குச்சனூருக்கே வந்து சடங்கு செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம். இந்தக் கோயிலின் தலபுராணத்தைக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போங்கள். தினகரன் என்ற ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. சந்திரவதனன் என்ற பையனை எடுத்து வளர்த்தான். அப்புறம் சொந்தமாகவும் ஒரு மகன் பிறந்தான். ஆனாலும் பட்டம் கட்டியது வளர்த்த பிள்ளைக்கு. ராஜாவைச் சனி பிடித்தபோது, சுரபி ஆற்றங்கரையில் இரும்பில் சனி உருவம் செய்து வைத்து, அநாதையாக இருந்த என்னை வளர்த்தவருக்கு இந்தக் கஷ்டம் வேண்டாம், என்னைப் பிடித்துக்கொள் என்று கும்பிட்டவன் அந்த வளர்ப்புப் பிள்ளை. சனி பகவான் அவனிடம் யார் ரத்தம், யார் முன்மாதிரி, வீட்டில் அம்மா எத்தனை பேர் என்று கேட்கவில்லை. மனமிரங்கி, சில நாழிகையோடு விட்டுவிட்டார். இந்தக் கோயில் இருப்பதே பெறாத பிள்ளையின் பாசத்தால். அதன் வாசலுக்குத்தான் பெற்ற பிள்ளையைத் தரதரவென்று இழுத்து வருகிறார்கள்.

எள் விளக்கு எரிகிறது. மதில்மேல் ஒரு காகம், சனியின் வாகனம், சோற்றுக்காகக் காத்திருக்கிறது. குயிலின் முட்டையை அடைகாத்து, குஞ்சைத் தன் வாயால் ஊட்டி வளர்க்கிற ஜாதி. எத்தனை நாள் ஊட்டினாலும் அந்தக் குஞ்சு குயிலாகத்தான் கூவுகிறது. காகமும் அதை எந்த ஜோசியரிடமும் கொண்டுபோய்க் காட்டியதில்லை.