பிங் போறதே!

நங்கநல்லூரில் மெயின் ரோடுகளுக்கும் எண், குறுக்குத் தெருக்களுக்கும் எண். அதனாலேயே புதிதாக வருகிறவர்கள் வீடு தேடி அலைவார்கள். ஆனால் ‘பிங் போறதே’ பேர்வழியின் வீட்டை நடுராத்திரியில்கூடக் கண்டுபிடித்துவிடலாம். தெரு அடங்கிய பிறகு எந்த ஜன்னலிலிருந்து “ஹலோ, ஆம் ஐ ஆடிபிள்?” என்று கேட்கிறதோ, அதுதான்.

இடுப்பில் வேட்டி, மேலே கம்பெனி டி-ஷர்ட், தலையில் ஹெட்செட். சுவரில் ராஜராஜேஸ்வரி படத்துக்குப் பக்கத்திலேயே சிஸ்கோ சர்டிபிகேட், அதற்கும் சந்தனம் குங்குமம். தொழில், நெட்வொர்க் இன்ஜினியர். இதை மாமியாருக்குப் புரியவைக்கப் பல வருஷமாக முயல்கிறார். “கேபிள் டிவி மாதிரியா மாப்ளே?” என்பதோடு அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது.

வீட்டில் நெட் படுத்துவிட்டது என்று யார் சொன்னாலும் எழுந்து போய்ப் பார்க்க மாட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே நாலு எட்டுக்கு, அதாவது 8.8.8.8-க்கு, ஒரு பிங் அடிப்பார்; எதிர்முனையிலிருந்து பதில் வருகிறதா என்று கூப்பிட்டுப் பார்ப்பது அது.

“அப்பா, கிளாஸ் ஓப்பனே ஆகலைப்பா.”

“பிங் போறதே!”

“பிங் போனா எனக்கு அட்டெண்டன்ஸ் போடுவாளா?”

மகளிடம் பலிக்காத இந்த மந்திரத்தை நம்பித்தான் ஆபீஸில் இத்தனை வருஷம் ஓட்டுகிறார்.

ஒரு ராத்திரி அவருக்கு ஒரு டிக்கெட் வந்து விழுகிறது. அம்பத்தூர் டேட்டா சென்டரில் பக்கத்துப் பக்கத்து ரேக்கில் இரண்டு ரவுட்டர்கள், நடுவே ஒரே ஒரு ஃபைபர் பேட்ச் கார்டு. ஓஎஸ்பிஎஃப் என்ற ஏற்பாட்டின்படி இரண்டும் 10 விநாடிக்கு ஒரு தரம் ஒன்றுக்கொன்று ஹலோ சொல்ல வேண்டும். 40 விநாடி சத்தமே இல்லாவிட்டால், எதிராளி போய்விட்டான் என்று முடிவுகட்டி, அவன் வழியாகப் போன பாதைகளையெல்லாம் அழித்துவிடும். மறுபடி ஹலோ கேட்டால் அறிமுகத்திலிருந்து ஆரம்பித்து முழு விவரத்தையும் பரிமாறிக்கொள்ளும். லாகில் ‘ஃபுல்’, ‘டவுன்’, ‘ஃபுல்’, ‘டவுன்’ என்று வரிசையாக விழுந்துகொண்டிருக்கிறது. இதற்குத்தான் ‘ஃபிளாப் ஆகுது’ என்று பெயர்.

நம்மவர் லாகைப் படிக்கவில்லை. பிங் அடித்தார். ஐந்து ஆச்சரியக்குறி வந்தது. ஐந்துக்கு ஐந்து, நூறு சதவீதம். பள்ளிக்கூடத்தில்கூட வாங்காத மார்க்.

சிஸ்கோ ரவுட்டரில் சும்மா பிங் அடித்தால் போவது 100 பைட், அதுவும் ஐந்தே ஐந்து. ஹலோ பிங்கைப் போல ஒரு தனி விலாசத்துக்குப் போவதில்லை, 224.0.0.5 என்ற பொது விலாசத்துக்குப் போகிறது. பிங்கை விட்டுவிட்டு ஓஎஸ்பிஎஃப்பை மட்டும் தடுக்கும் ஆக்சஸ் லிஸ்டுகள் உண்டு. ஒரே பாக்கெட்டில் அனுப்பக்கூடிய அளவான எம்டியு ஒரு பக்கம் 1500, மறு பக்கம் 9000 என்றிருந்தால் ஹலோவும் போகும், பிங்கும் போகும்; விவரம் பரிமாற உட்காரும்போதுதான் ‘எக்ஸ்ஸ்டார்ட்’ என்ற கட்டத்தில் முரண்டு பிடித்து நின்றுவிடும். பெரிய சைஸில், துண்டாக்காமல், ஆயிரம் தடவை அடித்துப் பார்த்தால்தான் பிங்குக்கே மரியாதை. அதெல்லாம் சர்டிபிகேட் பரீட்சையோடு போயிற்று.

பிரிட்ஜ் கால் ஆரம்பித்தது. எதிர் ரவுட்டரின் கம்பெனிக்காரர் மடிப்பாக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். சைக்கிளில் போய்ச் சேரும் தூரம்தான், ஆனால் இருவரும் பார்த்துக்கொண்டதில்லை.

“சார், எங்க சைடு கிளீன்.”

“எங்க சைடும் கிளீன் சார். பிங் போறதே!”

இதில் விசேஷம், இருவருமே பொய் சொல்லவில்லை. ஃபைபரில் போக ஒரு இழை, வர ஒரு இழை. நங்கநல்லூர்க்காரரின் ரவுட்டரிலிருந்து போகிற இழையின் முனையில் தூசி. கெட்டுப்போன பிரேம்களை சிஆர்சி எர்ரர் என்று எண்ணுவது வாங்குகிற ரவுட்டர்தான். அனுப்புகிறவன் கணக்கு எப்போதும் சுத்தமாகவே இருக்கும். மடிப்பாக்கக்காரர் அந்த எண்ணிக்கையைப் பார்த்திருக்கலாம். அவர் தன் போர்ட்டின் பச்சை விளக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். நம்மவர் திரையில் அவ்வப்போது ‘இனிட்’ என்று வந்தது. அதற்கு அர்த்தம், அவன் குரல் எனக்குக் கேட்கிறது, அவன் சொல்லும் ஹலோவில் என் பெயர் இல்லை என்பது. போகிற வழியில்தான் கோளாறு என்று ரவுட்டரே சொல்கிறது. நம்மவர் அதையும் மடிப்பாக்கத்தின் திமிர் என்றே எடுத்துக்கொண்டார். சிக்னல் மங்குகிற நேரத்தில் பிங் அடித்திருந்தால் ஆச்சரியக்குறிக்கு நடுவே புள்ளிகள் விழுந்திருக்கும். அவரோ தெளிந்த பிறகுதான் ஒவ்வொரு தரமும் அடித்தார்.

ஒரு மணிக்கு, போர்ட்டை அணைத்துப் போடும் ‘ஷட், நோ ஷட்’. ஒன்றரைக்கு மறுபடி ‘ஷட், நோ ஷட்’. இரண்டு மணிக்கு ஒரு யோசனை உதித்தது: 40 விநாடி பொறுமை போதாது, 120 ஆக்கிவிடலாம். யாரிடமும் சொல்லாமல் தன் பக்கம் மட்டும் ஆக்கினார். ஓஎஸ்பிஎஃப்பில் இரு பக்கமும் ஹலோ விநாடியும், பொறுத்துப் பார்க்கும் ‘டெட்’ விநாடியும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் உறவே கிடையாது. 1998-ல் வந்த ஆர்எஃப்சி 2328-ல் இது தெளிவாகவே இருக்கிறது. அதுவரை விட்டு விட்டு வந்துகொண்டிருந்த உறவு அடியோடு நின்றது.

“இப்ப ஃபிளாப் நின்னுடுத்து பாருங்கோ,” என்றார்.

ஓஎஸ்பிஎஃப் பாதை கண்டுபிடிக்கும் கணக்கை டைக்ஸ்ட்ரா என்ற கணினி விஞ்ஞானி 1956-ல் ஆம்ஸ்டர்டாமில், வருங்கால மனைவியோடு கடைவீதி சுற்றிக் களைத்து, ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, காகிதமும் பேனாவும் இல்லாமல் 20 நிமிடத்தில் போட்டு முடித்தாராம். நங்கநல்லூரில் அதற்குள் இரண்டு டம்ளர் ஃபில்டர் காபி ஆகிவிட்டது. 32 அடி ஆஞ்சநேயருக்கு வடைமாலையும் வேண்டிக்கொண்டாயிற்று.

டைமரை ஓசைப்படாமல் பழையபடி 40-க்கே மாற்றினார். ஃபிளாப் திரும்பி வந்தது. நாலு மணிக்கு, இவர்கள் பேச்சைக் கேட்டுச் சலித்துப்போன டேட்டா சென்டர் பையன், “சார், கார்டைக் கழட்டித் தொடச்சுப் பாக்கட்டுமா?” என்றான். இருவரும் ஒரே குரலில் “அதெல்லாம் வேண்டாம், கேபிள் நன்னாத்தான் இருக்கு” என்றார்கள். அந்த ராத்திரி அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. மேனேஜர் மட்டும் தூக்கக் கலக்கத்தில் “எஸ், கோ அஹெட்” என்றுவிட்டார். பையன் கிளீனர் பேனாவால் இரண்டு முனையையும் துடைத்து மாட்டினான். சிஆர்சி நின்றது. ‘ஃபுல்’ வந்து, அப்படியே நின்றது.

காலையில் ரிப்போர்ட் எழுதினார்கள். நங்கநல்லூர் ரிப்போர்ட்டில் கோளாறு மடிப்பாக்கம் பக்கம், மடிப்பாக்கம் ரிப்போர்ட்டில் நங்கநல்லூர் பக்கம். ‘இனி இப்படி நேராமலிருக்க என்ன ஏற்பாடு?’ என்ற கட்டத்தில் நம்மவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தினமும் காலையும் மாலையும் பிங் அடித்துப் பார்க்கப்படும் என்று நிரப்பி அனுப்பினார்.